சந்தியில் கட்டிய பேனர்

இன்று காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் போன் வந்தது. அம்மா தேயிலைக் கொழுந்துக் கூடையோடு எங்கள் லய வீட்டுப் படியிறங்கிப் போய்விட்டிருந்தார்.

"அக்கா, நான் அஸ்லம். துஷாந்த் கூட கடையில வேல செய்றவன்."

அதற்கு மேல் அவன் பேசத் திணறியபோதே விளங்கிவிட்டது. டெங்குக் காய்ச்சலோடு கொழும்பு ஆஸ்பத்திரியில் கிடந்த என் தம்பி விடியுமுன் இறந்துபோனான். முப்பத்தொரு வயது.

அவன் கால்பந்தாட்டக்காரன். பின்களத்தில் நின்று தடுப்பவன். எங்கள் தோட்டத்து மைதானத்தில் ஒரு பக்கத்துக் கோல் சரிவின் விளிம்பில் இருக்கிறது. பந்து தாண்டினால் தேயிலைக்குள் உருண்டு ஆற்றுக்குப் போய்விடும். தாண்டவிட்டவன்தான் இறங்கிப் போய் எடுத்துவர வேண்டும். "எறங்கி ஏற சோம்பப்பட்டே அண்ணே பெரிய டிபென்ஸ் ஆயிட்டாரு" என்று விளையாட்டுக் கழகத்து வினோஜன் சொல்லிச் சிரிப்பான்.

கொழும்பில் சில வருடங்கள் ஆடியபின் மாலைதீவுக் கழகமொன்று அவனை எடுத்தது. எங்கள் தோட்டத்திலிருந்து வீட்டு வேலைக்கும் கராஜ் வேலைக்கும் வெளிநாடு போனவர்கள் உண்டு. விளையாடப் போனவன் இவன் ஒருவன்தான். வட்டகொடைச் சந்தியில், தோட்டத்துக்குத் திரும்பும் பாதைக்குக் குறுக்கே, இரண்டு கம்பங்களுக்கு நடுவில் வினோஜனும் பையன்களும் பேனர் கட்டினார்கள். நீல ஜெர்சி, நாலாம் நம்பர், கைகட்டி நிற்கும் துஷாந்த். கீழே 'கடல் கடந்து களம் காணும் எங்கள் சிங்கம்' என்று எழுதியிருந்தது. அம்மா அன்று வேலைக்குப் போகாமல் சந்தியிலேயே நின்றார்.

ஒரு பருவம் ஆடினான். நன்றாகவே ஆடினான். அடுத்த பருவத்தில் ஓர் அமெரிக்கர் வந்தார். அவரும் பின்கள ஆட்டக்காரர். பல நாடுகளில் ஆடிப் பழகியவர். ஒரு கழகத்தில் இத்தனை வெளிநாட்டார்தான் ஆடலாம் என்று கணக்கு உண்டு. நாலாம் நம்பர் அவருக்குப் போனது. விரும்பினால் ஊருக்குப் போகலாம், இல்லையென்றால் ஜெர்சி துவைக்கவும் தண்ணீர் தூக்கவும் ஆள் வேண்டும் என்றார்கள்.

சந்தியில் பேனர் இருந்தது. தம்பி ஜெர்சி துவைக்க மாலைதீவிலேயே தங்கிவிட்டான்.

அந்த அமெரிக்கர் கெட்டவரில்லை. தனியாகப் பயிற்சி எடுக்கும்போது பந்து அடித்துக் கொடுக்க இவனைத்தான் கூப்பிடுவாராம், தோளில் கைபோட்டுப் பேசுவாராம். "திட்டியிருந்தா கூட பரவால்லக்கா" என்றான் ஒருமுறை. அம்மாவிடம் போனில், "இன்னைக்கு நாங்க ஜெயிச்சிட்டோம்மா" என்பான். பொய் சொல்லத் தெரியாதவன், இதை மட்டும் பழகிக்கொண்டான்.

அங்கே நடந்த ஆட்டமொன்றைப் பையன்கள் போனில் நேரலையாகப் பார்த்திருக்கிறார்கள்.

"டேய், நாலாம் நம்பர பாரு! துஷாந்த் அண்ணே உப்புக் காத்துல வெளுத்துப் போயிட்டாரு டோய்!"

"தலமுடியும் மஞ்சளாயிருச்சேடா!"

வினோஜன் தொடங்கிய அந்தக் கிண்டல் லயம் லயமாகச் சுற்றி நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் வரைக்கும் வந்தது. அம்மாவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

திரும்பி வந்தவன் கொழும்பில் துணிக்கடையில் சேர்ந்தான். அங்கே ஒரு கழகத்துக்கு ஆடுவதாக அம்மா நினைத்துக்கொண்டார். லீவில் வரும்போது சந்திக்கு முந்திய வளைவிலேயே பஸ்ஸை விட்டிறங்கி, தேயிலைக்குள் ஏறி வருவான். காலெல்லாம் இரத்தம்.

"ரோடு இருக்கையில ஏன்டா அட்டக் கடி வாங்கிட்டு வர்ற?"

"மலையேறினா காலுக்கு பெலம்மா."

போன தீபாவளிக்கு வந்தபோது என்னிடம் கேட்டான். "அந்த பேனர கழட்டிட்டா நான் மனுசன் மாதிரி ரோட்டு வழியா வருவேங்க்கா."

"அம்மாகிட்ட சொல்லிரு. அதுவே கழட்டச் சொல்லும்."

"அம்மாவுக்குத் தெரியவே கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். புறப்பட்ட அன்று முதல் பஸ்ஸுக்கு முன்னே இருவரும் சந்திக்குப் போனோம். பனி மூடியிருந்தது. பையிலிருந்து குறடை எடுத்து, மண்மேட்டில் ஏறி, கீழ்முனைக் கம்பியை அறுத்தான். ஓடிப்போய் மறுபக்கத்தையும் அறுத்தான். மேல்முனைக்குக் கம்பத்தில் கால் வைத்தபோது பஸ் வெளிச்சம் விழுந்தது. குதித்தான். முன் சீட்டிலிருந்த சோலைமலை மாமா தலையை வெளியே நீட்டினார்.

"என்னா மாப்புள, ஒங்க படத்த நீங்களே கழுவுறீங்களா?"

"ஆமாங்க மாமா. ஒரே தூசி."

"ஏறுங்க, ஏறுங்க. எல்லாரும் பாத்துக்கங்க, இவருதான் மாலைதீவுல வெளாடுனவரு!"

பஸ்ஸில் பின்பக்கம் யாரோ சிரித்தார்கள். தம்பி கம்பியைப் பிடித்தபடி தலைகுனிந்து நின்றதைக் கண்ணாடி வழியே பார்த்தேன். பஸ் வளைவில் திரும்பியது. அதற்குப் பிறகு அவன் வரவில்லை.

இன்று மத்தியானம் வினோஜன் வந்தான். வாசலுக்கு வெளியிலேயே நின்றான்.

"அக்கா, நாங்க அடிச்ச கிண்டலெல்லாம் அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன். தெரியும். தம்பிக்கு அதை யாரோ போனில் அனுப்பியே வைத்திருந்தார்கள்.

வினோஜன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சந்தி பேனர நாங்களே கழட்டிர்றோம்க்கா. அண்ணன் வர்றதுக்கு முந்தி."

அழுதுகொண்டிருந்த பெண்களுக்கு நடுவிலிருந்து அம்மா எழுந்து வந்தார்.

"எதக் கழட்டப் போறீங்க? அவுந்து கெடக்கிறத இழுத்துக் கட்டுங்கடா. எம்புள்ள அதுக்குக் கீழதான் வரணும். ஊரே பாக்கட்டும்."

வினோஜன் என்னைப் பார்த்தான். நான் சத்தியம் பண்ணியிருந்தேன். தரையைப் பார்த்தேன். அவன் சாவுக்குப் பாதையில் கட்டும் வெள்ளைக் கொடிகளைத் தூக்கிக்கொண்டு போனான்.

வாகனம் கொழும்பிலிருந்து புறப்பட்டுவிட்டதாக அஸ்லம் சொல்லியிருக்கிறான். சவப்பெட்டி வருவதற்குத் தேயிலைக்குள் வழி இல்லை. கீழ்முனைகளைப் பையன்கள் புதுக் கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டார்கள். மேல்முனைக் கம்பிகள் இரண்டும் அறுபடாமல் அப்படியே இருக்கின்றன.