கொழுந்து எடுக்காத செடி

கண்டியிலிருந்து வந்த பஸ் புசல்லாவையில் டயர் மாற்ற நிற்கிறது. நான் இறங்கித் தேயிலை ஓரமாக நடக்கிறேன். மேசைபோல் மட்டமான செடிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் ஒரு சாண் வளர்ந்து நிற்கிறது.

பக்கத்தில் கொழுந்து எடுக்கும் பெண்களில் ஒருவரிடம், "இத விட்டுட்டீங்களே அக்கா" என்றபடி கையை நீட்டுகிறேன். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறார்.

"கை வைக்காதீங்க தம்பி. உள்ள பாருங்க."

குனிகிறேன். கிண்ணம்போன்ற கூட்டில் ஒரு கொண்டைக்குருவி. என் முகத்துக்கும் அதற்கும் ஒரு முழம்கூட இல்லை. சிறகு அசையவில்லை, தொண்டை மட்டும் படபடக்கிறது. வயிற்றுக்கடியில் கண் திறக்காத ஒரு குஞ்சின் தலை தெரிகிறது. இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு இப்படி உட்கார்ந்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

"இத்தன பேர் சுத்தி நிக்கிறோம், பறக்கலையே?"

"அது எந்திரிச்சா குஞ்சு இருக்கிற எடம் காக்காவுக்குத் தெரிஞ்சிரும். அதுங்க பறக்கிற வரைக்கும் நாங்க யாரும் அந்தச் செடியத் தொடமாட்டோம். கங்காணி ஏசினாலும் சரி."

பஸ் ஹார்ன் அடிக்கிறது. ஏறும்போது திரும்பிப் பார்க்கிறேன். மட்டமான அந்த மலைச்சரிவில் அங்கங்கே, ஒரு சாண் உயரமாய், இன்னும் நாலைந்து செடிகள் நிற்கின்றன.