ஆளில்லாமல் அசைந்த கிளட்ச்

மாமனார் இறந்த பிறகு, அவருடைய பழைய அம்பாசிடர் கடப்பாக்கம் வீட்டுக் கொட்டகையிலேயே நின்றது. கிளட்ச் பெடலின் கம்பியும் புஷ்ஷும் தேய்ந்திருந்தன. ஒரு மதியம் ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் படுத்துப் புதியவற்றை மாட்டினேன்.

“கிளட்ச மிதி மச்சான்” என்று மனைவியின் தம்பிக்குக் குரல் கொடுத்தேன். கம்பி அசைந்தது. “போதும்” என்றேன். நிற்கவில்லை, இன்னும் வேகமாக அசைந்தது.

திட்டுவதற்காக வெளியே வந்தேன். வண்டிக்குள் யாருமில்லை. பெடல் மட்டும் இறங்கி ஏறியது. அடுத்த நொடி ஜாக்கி சரிந்து, நான் படுத்திருந்த இடத்தில் வண்டி விழுந்தது.

டீ வாங்கப் போயிருந்த மச்சான் தெருவிலிருந்து ஓடிவந்தான். “இன்னா மாமா ஆச்சு? யார்கிட்ட பேசிகினு இருந்தீங்க?”

பேயை நான் நம்புவதில்லை. ஆனாலும் அந்த வண்டியில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுகிறேன்.