திருஷ்டிக் கண்ணாடி

நந்தகோபால் நாகலாபுரத்துக்காரர். மழை பொய்த்து, மேய்ச்சலும் இல்லாமல் போகவே, ஆடுகளை விற்றுவிட்டுத் தொண்ணூற்றாறில் மனைவி சத்தியபாமாவுடன் கோவில்பட்டிக்கு வந்து சேர்ந்தார். ஒரு சின்னத் தீப்பெட்டி ஆபீஸில் அவர் வாட்ச்மேன். அவள் அங்கேயே பெட்டிக்குள் தீக்குச்சி அடைக்கிறவள். வேலை கேட்டுப் போன அன்று முதலாளி இசக்கிராஜா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: பீடி கூடாது. நந்தகோபாலோ ஆட்டுக்குப் பின்னால் நடந்த காலம் முழுக்கப் புகை விட்டவர். ஆனாலும் மனைவி தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணினார், விட்டும்விட்டார். சும்மா சொல்லக் கூடாது, அது லேசுப்பட்ட காரியமில்லை.

ஆபீஸ் நன்றாக ஓடியது. நன்றாக ஓடினால் ஊர்க்கண் படாதா? திருஷ்டிக்காக வாசலில் மாட்ட ஒரு கண்ணாடி வாங்கிவந்தார் இசக்கிராஜா. எல்லாரும் மாட்டுகிற கண்ணாடி அவருக்குப் போதவில்லை. சவரம் பண்ணுகிறவர்களுக்கு முகத்தைப் பெரிதாகக் காட்டுமே, அந்தக் குழிந்த கண்ணாடி. சாப்பாட்டுத் தட்டு அகலம் இருந்தது. கிட்டத்தில் போனால் முகம் பூசணிக்காயாகத் தெரியும். கொஞ்சம் தள்ளி நின்றால் ஆளையே தலைகீழாகக் காட்டும்.

"பொறாமையில வாரவன் தலைகீழாப் போவாம்லா!" இசக்கிராஜாவுக்கு ஒரே பெருமை. குடோன் வாசலில் கதவை ஒட்டி, கிழக்கு பார்த்து, ஆள் உயரத்தில் மாட்டினார்.

ஒருநாள் காலை, லோடு இறக்கிய குச்சிமூட்டைகள் அந்தக் கண்ணாடிக்கு அடியில் அடுக்கிக் கிடந்தன. வெயில் ஏறியதும் மேல்மூட்டை புகைந்து தீப்பிடித்தது. குச்சியில் முக்குகிற மருந்து இருக்கும் ரூமுக்குப் பரவியிருந்தால் ஆபீஸே மிஞ்சியிருக்காது. நந்தகோபால்தான் மணலை அள்ளிப்போட்டு அணைத்தார். பக்கத்தில் அவரைத் தவிர ஆளில்லை.

"என்ன வே, பீடியை விடலியா?" என்றார் இசக்கிராஜா.

"இல்லண்ணாச்சி, நான் தொட்டே..."

"அப்போ தீ என்ன வானத்துல இருந்தா வந்துச்சு? இன்னொருக்க இப்படின்னா வேற இடம் பாத்துக்கிடும்."

வேலை போவதைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு கவலைப்படவில்லை. சத்தியபாமா நம்பவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "என் தலையில அடிச்சுப் பொய்ச்சத்தியம் பண்ணிட்டீயளே" என்றாள். அத்தோடு பேச்சு நின்றது. சோற்றை வைத்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாள். பாயையும் அடுப்பங்கரைக்கு மாற்றிவிட்டாள். மனுஷன் நொறுங்கிப்போனார்.

அடுத்த லோடு வந்த மறுநாள் காலை, நந்தகோபால் மூட்டைகளை விட்டு நகரவே இல்லை. எந்தப் பாவி தீ வைக்கிறான் என்று பார்த்துவிடுவதென்று உட்கார்ந்துவிட்டார். வெயில் கண்ணாடியில் விழுந்ததும், மேல்மூட்டையின் மீது காசளவு வெளிச்சம் ஒன்று வந்து உட்கார்ந்தது. கண் கூசியது. இது என்ன சனியன் என்று விரலை வைத்தார். ஆத்தாடி! சாதாரணக் கண்ணாடி என்றால் வந்த வெயிலை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். இதுவோ குழிந்த கண்ணாடி. மேலே விழுந்த வெயில் மொத்தத்தையும் மடக்கி ஒரே இடத்தில் குவித்துக்கொண்டிருந்தது.

முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினார். இசக்கிராஜா விரலை நீட்டினார், உதறிக்கொண்டு பின்வாங்கினார். "பாத்தீரா வே, ஊர்க்கண்ணு எம்புட்டு இருக்குன்னு! அம்புட்டையும் பிடிச்சு வச்சிருக்கு." கண்ணாடியைக் கழற்றச் சொன்னாரே தவிர, உம்மைச் சந்தேகப்பட்டது தப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. நந்தகோபால் அதற்குக் காத்திருக்கவும் இல்லை.

"கொஞ்சம் பொறுங்கண்ணாச்சி, இப்ப வாரேன்" என்று பெட்டி அடைக்கிற இடத்துக்கு ஓடினார்.

சத்தியபாமா வேண்டாவெறுப்பாக வந்தாள். அவர் சொன்ன இடத்தில் உள்ளங்கையை நீட்டினாள். சுட்டது. வெடுக்கென்று எடுத்தாள். மூட்டையில் கருகியிருந்த சாக்கைப் பார்த்தாள். மறுபடியும் கையை நீட்டினாள், இந்தத் தடவை எடுக்கவில்லை. நந்தகோபால் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

"ஏட்டி, போதும். கொப்புளிச்சிரும்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஒருநா பக்கத்துல வந்து உங்க வாயை மோந்து பாத்திருந்தாப் போதுமே," என்றாள். "அதுகூடச் செய்யலியே நான்."