கோல் முடியும் வரைக்கும்

போனில் பல பேர் சேர்ந்து பேசும் கொன்பரன்ஸ் கோலில் பேசுவதுகூடப் பரவாயில்லை. பேசாமல் முறைக்காகக் காத்திருப்பதுதான் உயிரை வாங்கும். ஒருவர் பேச ஆரம்பிப்பார், அதே நேரம் இன்னொருவரும் ஆரம்பிப்பார். இரண்டு பேரும் நிறுத்துவார்கள். நீங்கள் சொல்லுங்கள், இல்லை நீங்களே சொல்லுங்கள் என்பார்கள். பிறகு மறுபடியும் ஒன்றாக ஆரம்பிப்பார்கள். நான் பேசுவது கேட்கிறதா என்று கேட்காமல் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் ஏறுகிறது என்று சொல்ல வேண்டிய என் முறை கடைசியில்தான் வரும். அதுவரை போனை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, காதுக்குள் இயர்போனைச் செருகிக்கொண்டு, காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் போல அடுப்படிக்கும் முன்கதவுக்கும் இடையே நடந்துகொண்டிருப்பேன். தேயிலைத் தோட்டத்தில் ஒரே வரிசையாகக் கட்டிவிட்ட லயத்து வீட்டில் நடக்க எவ்வளவு இடம் இருக்கும்? நாலு எட்டு வைத்தால் சுவர். ஜன்னல் கட்டையை விட்டுப் போனை நகர்த்தினால் சிக்னலும் போய்விடும்.

வேலை, கொழும்பில் உடுப்பு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில். வருடக்கணக்காக அங்கே போர்டிங் அறையில் கிடந்தேன். கல்யாணம் முடித்த பிறகும் அப்படித்தான். தீபாவளிக்கு வந்து, பொங்கலுக்கு வந்து, பையைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் கொட்டகலையில் ரயில் ஏறுவேன். மனைவியைக் கூட்டிக்கொண்டு போகவும் வழியில்லை. வீட்டிலிருந்து ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து பறித்தால்தான் லயத்து வீடு எங்கள் கையில் நிற்கும். அவள் பேர்தான் பதிவில் இருந்தது. கடைசியில் மெனேஜரின் காலைக் கையைப் பிடித்து, வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன், கொஞ்ச நாள் பாருங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். பார்க்கிறேன் என்றார். பார்க்கிறேன் என்று சொன்னாரே தவிர, சரி என்று சொல்லவில்லை.

முதல் வாரமே வினை வந்தது. சத்தம் வரக்கூடாதென்று முன்கதவைச் சாத்தினேன். எங்கள் லயத்தில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. சாத்தினால் வீட்டில் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். ஒன்று புருஷன் பெண்டாட்டி சண்டை, இல்லையென்றால் யாருக்கோ முடியவில்லை. சரியாக என் முறை வந்து நான் பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு அக்கா கதவை உடைக்கிற மாதிரி தட்டினார். அவர் தோட்டத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பகலெல்லாம் லயத்தின் காவல் அவர்தான். ஒடம்புக்கு ஏதும் முடியலையா தம்பி, கதவைத் திறங்க என்று அவர் போட்ட சத்தம் கொழும்பு தாண்டி, துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர் வரைக்கும் போய்விட்டது. பின்னாலேயே பாண் ரொட்டி விற்கும் ஆட்டோ பாட்டைப் போட்டுக்கொண்டு மேலே ஏறி வந்தது. வெளிநாட்டுக்காரர் சிரித்தார். மெனேஜர் சிரிக்கவில்லை.

அன்றே எனக்குத் தனியாகக் கோல் எடுத்தார். அடுத்து பெரிய கோல் ஒன்று வருகிறது, வெளிநாட்டுத் தலைமை ஆட்கள் எல்லோரும் இருப்பார்கள், அதிலும் இப்படி ஏதாவது கேட்டால் மறு திங்கட்கிழமை நீ இங்கே உன் மேசையில் இருக்க வேண்டும் என்றார். போனை வைத்துவிட்டார்.

எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. சாயங்காலம் எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குப் போய், கோல் நடக்கும்போது என் கதவை யாரும் தொடக்கூடாது, ரேடியோ போடக்கூடாது, வாசலில் நின்று கதைக்கக்கூடாது என்று கத்திவிட்டு வந்தேன். போன் தொர வந்துட்டாரு, வழி விடுங்க என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ஆத்திரத்தில் எனக்குச் சோறுகூட இறங்கவில்லை.

மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றிக் கட்டுகிற படங்குத் துணி ஒன்று பழசாய்க் கிடந்தது. அதை வெளியே கதவில் தொங்கவிட்டாள். வீடு வீடாகப் போய், படங்கு தொங்கினால் மீட்டிங் நடக்கிறது, தொங்காவிட்டால் நீங்க பாட்டுக்கு வாங்க என்று சொல்லிவிட்டு வந்தாள். என் ஆளு மறுபடியும் கொழும்புக்குப் போயிடக்கூடாது, கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க என்றும் சொல்லியிருக்கிறாள். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

பெரிய கோல் அன்று பகல் சாப்பாட்டுக்குப் பிறகு. அவள் கொழுந்து மலைக்குத் திரும்பிப் போகும் முன் படங்கைத் தானே கதவில் மாட்டிவிட்டுப் போனாள். கோல் இழுத்தது, இழுத்துக்கொண்டே இருந்தது. ஒருவருக்கு சிக்னல் போய் வந்தது. ஒருவர் மியூட்டில் போட்டுக்கொண்டு மூச்சுவிடாமல் பேசினார், எல்லோரும் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நடந்தேன், உட்கார்ந்தேன், திரும்ப எழுந்தேன், தண்ணீர் குடித்தேன், இயர்போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வெளியே ஒரு சத்தமும் இல்லை. ரேடியோ இல்லை, பாண் ஆட்டோகூட வரவில்லை. ஒரு தடவை மட்டும் வாசலில் பல பேர் காலை இழுத்து இழுத்து நடக்கிற மாதிரி இருந்தது. யாரோ இருமப் போய் அடக்கிக்கொண்டார்கள். பரவாயில்லையே, நம் ஆட்களும் பழகிக்கொண்டார்கள் என்று சந்தோஷப்பட்டேன். அதற்குள் என் பேரைக் கூப்பிட்டார்கள்.

தடங்கலில்லாமல் சொல்லி முடித்தேன். வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு கேள்வி கேட்டார்கள், அதற்கும் பதில் சொன்னேன். எல்லோர் முன்னாலும் மெனேஜர், நீ அங்கிருந்தே தொடர்ந்து செய், ஒரு பிரச்சினையும் இல்லை என்றார். இயர்போனைக் கழற்றி எறிந்துவிட்டுக் கதவைத் திறந்தேன். மலைக்கே ஓடிப்போய் அவளிடம் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது.

வாசற்படியில் பக்கத்து வீட்டு அக்கா உட்கார்ந்திருந்தார். லயத்து நாயை மடியில் போட்டு, அது குரைத்துவிடாமல் வாயைக் கையால் பொத்தியிருந்தார். என்னைப் பார்த்ததும் நாயை விட்டார்.

"முடிஞ்சிருச்சா தம்பி? வேல நெலச்சிருச்சா?"

நிலைச்சிருச்சு என்றேன்.

"அப்ப சரி. சட்டைய மாட்டிக்கிட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஒங்க வீட்டுக்காரப் புள்ளைய கொளவி கொட்டிருச்சு. மொகமெல்லாம் வீங்கிப்போச்சு. உசுருக்கு ஒண்ணும் இல்ல."

கொழுந்துச் செடிக்கடியில் கிடந்த குளவிக்கூடு கலைந்துவிட்டதாம். மூன்று நாலு பெண்களுக்குக் கொட்டியிருக்கிறது, என் மனைவிக்குத்தான் அதிகமாம். ஏன் கதவைத் தட்டவில்லை, உங்களுக்கெல்லாம் அறிவிருக்கிறதா என்று வயதுக்கு மூத்தவரென்றும் பாராமல் கத்தினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"தட்டத்தான் போனேன். அந்தப் புள்ளதான் என் கையப் புடிச்சிருச்சு. படங்கு தொங்குதுக்கா, தொடாதீங்கன்னுச்சு. தலத்துணிய வாயில வச்சிக் கடிச்சிக்கிட்டு இந்த வாசல் வழியாத்தான் நடந்து போச்சு. ஆஸ்பத்திரிக்குப் புடிச்ச ஆட்டோவையும் மேல வரவேணாம்னு கோயில் வளைவுலயே நிறுத்திட்டோம். சத்தம் வரும்ல?"

கோயில் வளைவு நல்ல தூரம், அதுவும் படிக்கட்டு இறக்கம். அந்தப் படிகளில்தான் நானும் விழுந்தடித்து ஓடினேன். ஆட்டோ கிடைத்து ரோட்டுக்கு வந்ததும் சட்டைப் பையில் போன் அதிர ஆரம்பித்தது. கோலில் இருந்தவர்கள் கைதட்டும் படங்களாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மெனேஜர் நன்றாகப் பேசினாய் என்று எழுதியிருந்தார். போனை அணைத்துப் போட்டேன். டிரைவரை இன்னும் வேகமாகப் போகச் சொல்லித் திட்டினேன். பாவம், அவர்தான் அவளையும் கொண்டுபோய் விட்டவர்.

வார்டில் அவளை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. ஒரு கண் முழுக்க மூடிக்கொண்டிருந்தது. உதடு தடித்து ஒரு பக்கமாக இழுத்திருந்தது. ஒரு கையில் ஊசி வழியாக மருந்து ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய் நின்றேன். திட்டுவதற்கு வழியெல்லாம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தவன், அவளுடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள்தான் முதலில் கேட்டாள்.

"நாங்க போனது போன்ல கேட்டுச்சாங்க?"

"இல்ல. ஒண்ணும் கேக்கல."

"என்னா சொன்னாங்க?"

"இங்கயே இருக்கச் சொல்லிட்டாங்க. போகத் தேவயில்ல."

அந்த ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகுதான் வாய்விட்டு அழுதாள். ஐயோ வலிக்கிதுங்க, வலிக்கிதுங்க என்று வார்டே திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுதாள். நர்ஸ் ஓடிவந்து, மற்ற நோயாளிகள் இருக்கிறார்கள், சத்தம் போடக்கூடாது என்று சிங்களத்தில் சொன்னார். அவள் கொஞ்சம் அழட்டும் மிஸ் என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.