மாதிரிக் கல்

சோமாவில் ஹமூங்கா என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. கல்லறைக் கல் செய்கிற லுயாண்டோ அப்பா என்றால் சின்னப் பிள்ளையும் வழி காட்டும். மகள் லுயாண்டோ பிறந்த நாளிலிருந்து அதுதான் அவன் பெயர். அவள் மலேரியாவில் போன பிறகும் ஊர் அதை மாற்றவில்லை.

ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் கல் செதுக்கியவன் மகளுக்குச் செதுக்கவில்லை. மூன்று வருடமாக அந்த மண்மேட்டில் ஒரு மரப்பலகைதான். அதையும் கறையான் அரித்துக்கொண்டிருந்தது. மனைவி ரூடா கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். "உளி எடுத்தா கை வரல" என்பான். பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் எனக்கு இரண்டு பேரையும் பார்க்கப் பாவமாக இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

இதற்கு நடுவில் தொழில் படுத்துவிட்டது. சாவு வீட்டில் அழுதுகொண்டே போனில் படம் பார்த்துத் தலைநகர் லுசாகா கடைகளுக்கு ஆர்டர் கொடுக்கிறார்கள். இணையதளம் போட வேண்டும், இல்லாவிட்டால் பட்டறையை மூட வேண்டும். ஹமூங்கா கம்ப்யூட்டர் கடைத் தெல்மாவை அழைத்து வந்தான். அவள் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து, முகப்பில் என்ன, விலை எங்கே என்று திட்டம் போட்டாள்.

"கல்லெல்லாம் மொட்டையா நிக்குதே அங்கிள். பேர் இல்லாத கல்லைப் பார்த்து யார் வாங்குவா?"

"பேர் எழுதினதெல்லாம் கல்லறையில இருக்கு."

"அதைப் படம் எடுத்துப் போடலாம்."

"சொந்தக்காரன் கோடாலியோட வருவான்."

"அப்ப சும்மா ஏதாவது பேர் எழுதுங்க."

"எதை எழுதினாலும் அந்தப் பேர்ல ஒருத்தன் உசிரோட திரியறான். உன் பேரை எழுதட்டுமா?"

தெல்மா நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க உளிச் சத்தம் கேட்டது. பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். சாம்பல் நிறக் கல். நடுவில் லுயாண்டோ என்ற பெயர், மூலையில் ஒரு பந்து. அவள் பள்ளியில் வலைப்பந்து ஆடியவள்.

"இந்தப் பேர் இனி யாருக்கும் கெடுதல் பண்ணாது. படம் எடுத்ததும் கொண்டுபோய் வெச்சிடறேன்" என்றான்.

எங்கள் பக்கம் கல் துணிக்குள்தான் கல்லறைக்குப் போகும். உறவெல்லாம் கூடிப் பாடி, நெருங்கிய ஒருவர், பிள்ளைக்கென்றால் பெற்றவள், தன் கையால் துணியை விலக்கும்வரை அது யார் கண்ணிலும் படக் கூடாது. வருகிறவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுப்பவனே அவன்தான்.

"ரூடா பார்க்கறதுக்கு முன்னாடியா?" என்றேன்.

"படம்தானே."

லிவிங்ஸ்டனில் இருக்கும் ரூடாவின் அக்கா, தளத்தில் வந்த அந்தப் படத்தை அவளுக்கே அனுப்பிவிட்டாள். ரூடா சந்தையிலிருந்து நேராகப் பட்டறைக்கு வந்தாள். அவள் கத்தியிருந்தால் தேவலை.

"மூணு வருஷம் கேட்டேன், லுயாண்டோ அப்பா. எனக்கு வராத கை கடைக்கு வந்துடுச்சு."

"கல்லு அவளுக்குத்தான், ரூடா."

"ஊரே பார்த்தாச்சு. இனி நான் வந்து எந்தத் துணியை எடுக்கறது?"

அன்றே அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் கல்லைக் கொண்டுபோய் நட்டு, வெள்ளைத் துணி சுற்றிக் கட்டினான். பெற்றவள் வந்து எடுக்கட்டும் என்று விட்டிருக்கிறான். ஒரு மழைக்காலம் போய்விட்டது. துணி பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டது.

ஆர்டர் மட்டும் வந்துகொண்டிருக்கிறது. தளத்தில் ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு பெயர் வேண்டுமாம். தெல்மா கல்லில் இருந்த பெயரையே போட்டுவிட்டாள். மாற்றச் சொல்ல அவன் வாயே திறக்கவில்லை. போன வாரம் அவன் கையெல்லாம் சிமெண்டாக இருந்தபோது கலோமோவிலிருந்து போன் வந்தது. நான்தான் ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தேன். பேசியவர் அம்மாவைப் பறிகொடுத்தவர், மரியாதையான மனிதர்.

"லுயாண்டோ ஒண்ணு வேணுங்க. சாம்பல் கலர். இருக்கா?"

ஹமூங்கா கையைச் சாக்கில் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான்.

"இருக்குங்க" என்றான். "துணி எடுக்கறது என்னைக்கு?"