எருமைச்சேட்டன்

காலை ஒன்பதரைக்கு எர்ணாகுளம் வடக்கு நிலையத்தில் நானும் அக்காவும் இறங்கினோம். நல்ல மழை. செங்கோட்டையில் ஏறியதிலிருந்து அக்கா ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. மட்டாஞ்சேரியில் சுமை தூக்கிக்கொண்டிருந்த அத்தான், முந்தைய நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. உடலை வாங்கப் போகிறோம்.

ஆட்டோக்காரர் முந்நூற்றைம்பது கேட்டார். விஷயம் தெரிந்ததும், “காசெல்லாம் பின்னே நோக்காம். கேறிக்கோ சேச்சி” என்று ஏற்றிக்கொண்டார். தோப்பும்படி பாலம் தாண்டிப் பன்னிரண்டு கிலோமீட்டர். கடைத்தெருவில் நுழைந்ததுமே சுக்கும் மிளகும் மூக்கில் ஏறின.

கிடங்குக்கு மேலே அத்தானின் அறை. கொடியில் அவருடைய சட்டை இன்னும் காயாமல் தொங்கியது. கூடத் தங்கியிருந்த செல்வம் பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழர். ஆஸ்பத்திரியில் உடலைத் தர மதியமாகும் என்றார். சாயா வந்தது. அக்கா தொடவில்லை.

சுமைக்காரர் ஒருவர் படியேறி வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நம்முடெ எருமைச்சேட்டன் போயல்லோ!”

அக்கா விருட்டென்று நிமிர்ந்தாள். “யாரு எருமை? செத்த மனுசனையா அப்படிச் சொல்லுதீக?”

செல்வம் பதறிவிட்டார். “அக்கா, தப்பா நினைக்கண்டா. வசவில்லை. ஸ்நேகத்துல விளிக்கிற பேரு. அண்ணாச்சி ஒரு பாட்டுப் பாடுவாரு, அதுல வந்தது.”

“என்ன பாட்டு?”

“இப்பப் போய் எப்படிக்கா…”

“சொல்லுங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டு, பாடாமல், ஒப்பிப்பதுபோல் சொன்னார்:

எருமையைக் குளிப்பாட்டப் போனேனுங்க – அது
என்னையக் குளிப்பாட்டி விட்டதுங்க!
கயித்தைக் கையில சுத்தினேனுங்க – அது
கம்மாயைச் சுத்திக் காட்டுச்சுங்க!
சேத்துல மூஞ்சி பதிஞ்சதுங்க – ஊரு
சேர்ந்து நின்னு சிரிச்சதுங்க!
கரையேறி வந்தது ரெண்டுங்க – அதுல
கறக்குற எருமை எதுங்க?

யாரும் சிரிக்கவில்லை. அக்கா எழுந்து கொடியில் கிடந்த ஈரச் சட்டையை எடுத்தாள்.

“விழுந்தது அவரு இல்ல” என்றாள். “நான். கல்யாணமான புதுசு. ஊரே சிரிச்சுது. வெக்கத்துல தண்ணி எடுக்கக்கூடப் போகாம வீட்டுக்குள்ளயே கெடந்தேன். அப்பத்தான் தானே விழுந்த மாதிரி பாட்டுக் கட்டி டீக்கடையில பாடுனாரு. சிரிப்பெல்லாம் அவரு பக்கம் திரும்பிருச்சு. நாள்பட ஊரும் அதையே நம்பிருச்சு.”

கூடப் பிறந்த எனக்கே இது தெரியாது.

மதியம் மூன்று மணிக்கு உடலைத் தந்தார்கள். சுமைக்காரர்கள் ஆறேழு பேர் வந்து பெட்டியைத் தூக்கி ஆம்புலன்சில் வைத்தார்கள். வேறு யாரையும் கைவைக்க விடவில்லை. பதினொரு வருடம் அத்தான் பிழைத்த ஊர். அக்கா பார்த்தது இந்த ஒரு பகல்தான்.

ஆரியங்காவு மலையேற்றத்தில் வண்டி மெதுவாக ஊர்ந்தது. அக்கா பெட்டியின் மேல் கை வைத்திருந்தாள்.

“தம்பி, நம்மூர்ல சரி. எனக்காகப் பாடுனாரு. இங்க என்னைய யாருக்குத் தெரியும்? இங்க வந்தும் ஏன் தான் விழுந்ததாவே பாடணும்?”

அவள் என்னிடம் கேட்டதாகத் தெரியவில்லை.