அவர் சொன்னார், அவர்கள் வாங்கினார்கள்

என் வீட்டுக்காரர் மாணிக்கவாசகத்துக்குச் சோறு போட்டது பட்டுத்தறி. ஆனால் மனுஷனுடைய மனசு முழுக்கக் கரண்டில் ஓடும் சாமான்களிடம்தான் கிடந்தது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் யார் எதை வாங்குவதாக இருந்தாலும் முதலில் அவரிடம் வந்து கேட்டுவிட்டுத்தான் போவார்கள். தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தபடியே, ஊடு நூல் ஓடும் நாடாவை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் தள்ளிக்கொண்டே தீர்ப்புச் சொல்லுவார்.

"பேஜரா? வாணாம்பா. இன்னும் ரெண்டு வருசத்துல அத கொழந்தைங்க வெச்சி ஆடிக்கினு இருக்கும்."

"கம்ப்யூட்டர்ல கம்பெனி பேரப் பாத்து ஏமாறாத. பார்ட் பார்ட்டா வாங்கி மாட்டினா அதே வேல செய்யும்."

"ரெண்டாயிரம் பொறந்தா எல்லா கம்ப்யூட்டரும் நின்னு பூடும்ங்கறான். ஒண்ணியும் ஆவாது, நீ போய்த் தூங்கு."

எல்லாம் எங்கிருந்து தெரியும் என்கிறீர்களா? பழைய பேப்பர் கடையில் எடைக்கு வரும் கம்ப்யூட்டர் பத்திரிகைகளைப் பொறுக்கிக்கொண்டு வருவார். புடவை கொடுத்துவிட்டு வர மெட்ராசுக்குப் போனால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை கடையாக நின்று வேடிக்கை பார்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குத்தான் திரும்புவார்.

அவர் சொன்னது ஒன்றும் பொய்யாகவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். பேஜர் ஒழிந்தது. ரெண்டாயிரம் பிறந்தது, ஒன்றும் நிற்கவில்லை. எல்லாம் பலித்தது, எங்கள் வீட்டில் மட்டும் ஒரு சாமானும் சேரவில்லை. சொல்வது இவர், வாங்குவது எதிர்வீடு என்று ஆகிவிட்டது.

எதிர்வீடு என்றால் யாரோ எவரோ இல்லை. என் கூடப் பிறந்த தங்கை மஹாலட்சுமி. அவள் புருஷன் தேவேந்திரன் சரிகை வியாபாரத்தில் நாலு காசு பார்த்தவர். அவருக்கு ஒரு ஸ்க்ரூ கழற்றத் தெரியாது. ஆனால் பிரிட்ஜ் அவர் வீட்டுக்குத்தான் வந்தது, வாஷிங் மெஷினும் அவர் வீட்டுக்குத்தான் வந்தது. பொறாமை இல்லை என்று சொன்னால் என் வாய் அழுகிப்போகும். அவள் வீட்டு வாசலில் டெம்போ வந்து நின்றாலே எனக்கு வயிற்றில் அடுப்பு பற்றிக்கொள்ளும்.

டெலிபோன் கதையைக் கேளுங்கள். நாங்கள்தான் முதலில் எழுதிப் போட்டோம். வருஷக்கணக்காகக் காத்திருந்து எங்கள் முறை வந்தபோது இவர் வேண்டாம் என்றுவிட்டார். என்னைத் 'தில்ல' என்றுதான் கூப்பிடுவார்.

"கம்பி இழுத்துப் பேசற காலம்லாம் முடிஞ்சிபோச்சி தில்ல. இன்னும் கொஞ்ச நாள்ல பூக்காரம்மா கூட இடுப்புல போன் சொருவிக்கினு வரும், பாரு. இப்பப் போய் இதுல எவனாவது காசப் போடுவானா?"

பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்த தேவேந்திரன் வீட்டுக்குப் போனார், மனுப் போட்டார், போன் வாங்கிவிட்டார். அன்றையிலிருந்து எங்களுக்கு யார் பேசுவதாக இருந்தாலும் பி.பி. நம்பர்தான், அதாவது அவர்கள் வீட்டுக்குப் போன் போட்டு எங்களைக் கூப்பிடச் சொல்வது. சொந்தக்காரர்கள் கல்யாணப் பத்திரிகையில் கூட எங்கள் பெயருக்குக் கீழே அவர்கள் வீட்டு நம்பரைப் போட்டு, பக்கத்தில் பி.பி. என்று அச்சடித்தார்கள். போன் வந்தால் மஹாலட்சுமி உள்ளேயிருந்து கூப்பிட மாட்டாள். நடுத்தெருவுக்கு வந்து நிற்பாள்.

"அக்கா... ஒனக்குப் போனூ!"

கோடி வீட்டு நாய் கூட எழுந்து பார்க்கும். நான் கையைத் துடைத்துக்கொண்டு அவள் வீட்டுப் படியேறுவேன்.

கம்ப்யூட்டர் வாங்கப்போகிறேன் என்று தேவேந்திரன் வந்து நின்றபோது இவருக்கு முகம் சுண்டிவிட்டது. வாங்கவிடக் கூடாது என்று முடிவுகட்டிக்கொண்டு அவரைப் பயமுறுத்தப் பார்த்தார்.

"அது சாமானியமா? ஏ.சி. போட்டாவணும். தறி தூசி ஒரு பொட்டு உள்ள பூந்தா அவ்ளோதான். ஜன்னல்லாம் அடைக்கணும், கதவுக்கு ரப்பர் வைக்கணும். கரண்ட் போனா தாங்கறதுக்கு யு.பி.எஸ். வேணும். தாங்குமா ஒனக்கு?"

தாங்கிற்று. ஏ.சி. வந்தது, யு.பி.எஸ். வந்தது, கதவுக்கு ரப்பர் வந்தது. எல்லாம் வந்த பிறகு ராணி மாதிரி கம்ப்யூட்டரும் வந்தது. கொஞ்ச நாளில் அதில் இன்டர்நெட்டும் வந்தது. அந்த வருஷ வெயிலில் நான் விசிறியோடு புரண்டுகொண்டிருக்க, என் தங்கை போர்வை போர்த்திக்கொண்டு தூங்கினாள். என் புருஷன் வாயால் வந்த ஏ.சி. அது.

எங்கள் வீட்டில் என்ன இருந்தது? ஒரு மவுஸ் இருந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவந்தார்.

"ஆரம்பம்தான். மீதிய ஒண்ணொண்ணா சேத்துடலாம்."

அதைக் கண்ணாடி அலமாரியில் வெள்ளிக் குங்குமச்சிமிழுக்குப் பக்கத்தில் வைத்தோம். ஆயுத பூஜைக்குத் தறிக்கும் ராட்டைக்கும் சந்தனம் வைத்த கையோடு அதற்கும் ஒரு பொட்டு வைத்தேன். அன்றைக்குச் சுண்டல் கொடுக்க வந்த மஹாலட்சுமி அதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா இது, எலி மட்டும் வந்துகீது? பொட்டி எப்ப வரும்?"

சிரித்தாள். நான் சுண்டல் கிண்ணத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு போன் வந்தால் தவிர எங்களுக்குள் பேச்சு இல்லை.

இவருக்கு மட்டும் ரோஷம் நிற்காது. சாயங்காலமானால் சட்டையை மாட்டிக்கொண்டு அங்கே போய்விடுவார். தேவேந்திரன் அந்த மெஷினில் செய்ததெல்லாம் சீட்டாட்டம். ஆனால் இவர் விரலை அதன் மேல் படவிட மாட்டார். "அண்ணே, நீங்க வாயால சொல்லுங்க, நா அமுக்கறேன்" என்பார். நாற்காலி ஒன்றுதான், இவர் பின்னால் நின்றுகொண்டு மேலே, கீழே, இடது பக்கம் என்று சொல்லிக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்து பாதிச் சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்துவிடுவார். தட்டைப் பார்த்தே எனக்குத் தெரியும், இன்றைக்கும் தொடவிடவில்லை என்று.

எங்கள் பெண் பெரியநாயகி மட்டும் இதையெல்லாம் பார்த்து மனசுக்குள் கறுவிக்கொண்டே வளர்ந்தாள் போலிருக்கிறது. ஏனாத்தூரில் கம்ப்யூட்டர் படிப்பு படித்தாள். கடைசி வருஷம் பெங்களூர் கம்பெனி ஒன்று காலேஜுக்கு வந்து பரீட்சை வைத்தது. போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் போன் செய்வோம், தேறியவர்கள் அப்போதே சரியென்று சொல்ல வேண்டும், ஆள் கிடைக்காவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுவோம். எந்த நம்பர் கொடுத்தாள்? வேறு எது, பி.பி.தான்.

"சித்தி வூட்லயே போய் ஒக்காந்துக்கறேம்மா" என்றாள்.

"ஒண்ணும் வாணாம். அவ ஏ.சி.ல போய்க் கையேந்திக்கினு ஒக்காருவியா? தெருவே கிழியற மாதிரி கத்துவா இல்ல, அப்ப போ."

மஹாலட்சுமியிடம் இவர் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். கூப்பிடுகிறேன் என்று அவளும் தலையாட்டினாளாம்.

வெள்ளிக்கிழமை வந்தது. நான் பிணைப்பு வேலையில் இருந்தேன். தறியில் பழைய பாவு தீரும்போது, அதன் ஒவ்வொரு இழை நுனியோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு முறுக்க வேண்டும். முடிச்சுப் போடக் கூடாது, சாம்பல் பிடிப்பிலேயே நிற்க வேண்டும். எங்கள் தெருவில் என் கைக்கு மிஞ்சிய கை கிடையாது. அன்றைக்கு அந்தக் கையிலேயே இழை அறுந்துகொண்டிருந்தது. பெரியநாயகி வாசற்படியில் உட்கார்ந்து எதிர்வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் இறங்கிக்கொண்டே வந்தது. எதிர்வீட்டில் சத்தமே இல்லை.

இவருக்கு நிலைகொள்ளவில்லை. தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அந்த நம்பருக்கே போட்டுப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"என்கேஜ்டு. எத்தினி வாட்டி போட்டாலும் என்கேஜ்டு. நெட்டு போட்டுக்கினு ஒக்காந்துக்கீறாங்க தில்ல. நெட்டு ஓடற வரிக்கும் போன் மணி அடிக்காது."

பெரியநாயகி அழ ஆரம்பித்தாள். நான் தெருவைத் தாண்டினேன், இரண்டு பேரும் பின்னாலேயே வந்தார்கள். இரண்டு கையாலும் கதவை இடித்தேன். காலிங் பெல்லை அழுத்திப் பிடித்தேன். ஒரு பதிலும் இல்லை. எப்படி இருக்கும்? ஜன்னலை அடைக்கச் சொன்னது யார்? கதவுக்கு ரப்பர் வைக்கச் சொன்னது யார்? உள்ளறையில் ஏ.சி. உறுமிக்கொண்டிருந்தது.

"மெயின ஆஃப் பண்ணுங்க!"

"யு.பி.எஸ். இருக்குதே, ஓடும்" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான் வாங்கச் சொன்னேன்" என்றார்.

அடப் பாவி மனுஷா! எனக்கு வந்த கோபத்தில் கண் தெரியவில்லை. தங்கையாவது மண்ணாவது. என் பெண் பெங்களூர் போய்விடுவாள் என்று வயிறெரிந்து வேண்டுமென்றேதான் நெட்டைப் போட்டிருக்கிறாள் என்று தோன்றியது. தெருக் கம்பத்திலிருந்து போன் கம்பி அவர்கள் வீட்டுச் சுவரோடு இறங்கி, ஜன்னல் ஓரமாக உள்ளே போகும். என் இடுப்பில் நூல் கத்தரி இருந்தது. கம்பியை இழுத்துப் பிடித்து ஒரே வெட்டு.

"ஐயோ, இன்னாடி பண்ணிட்டே!" என்று தலையில் கை வைத்தார்.

"நெட்டு நின்னுதா இல்லியா?"

"நிக்கும். போனும் சேந்து நிக்கும்!"

அது எனக்குத் தெரியாதா? அறுந்த இழையைச் சேர்ப்பதுதானே என் பிழைப்பு. மேல்தோலைப் பல்லால் கடித்து உரித்தேன். உள்ளே இரண்டு இழை, இரண்டும் ஒரே நிறம்.

"எத எதோட சேக்கணும்? சொல்லுங்க!"

"எப்டி சேத்தாலும் போன் பேசும். பயப்படாம சேரு."

அவருடைய அபிப்பிராயங்களில் எங்கள் குடும்பத்துக்கு உதவியது அது ஒன்றுதான். சாம்பல் விரலாலேயே முதல் இழையை முறுக்கினேன், இரண்டாவதையும் முறுக்கினேன். அதை அழுத்திப் பிடித்திருக்கும்போதே விரலில் சுருக்கென்று ஏறியது. கையை உதறினேன்.

"மணி அடிக்குது! லைன்ல மணி வந்தாதான் அப்டி ஷாக் அடிக்கும்!" என்று இவர் குதித்தார்.

நிஜமாகவே உள்ளே போன் அடித்தது. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. மஹாலட்சுமி வெளியே வந்தவள், எதிரிலேயே நாங்கள் மூன்று பேரும் நிற்பதைப் பார்த்துத் திகைத்துப்போனாள். தெருவுக்குக் கத்த வேண்டியதைச் சின்னக் குரலில் சொன்னாள்.

"பெரியநாயகிக்குப் போன்."

பெண் அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள். உள்ளேயிருந்து "யெஸ் சார், யெஸ் சார்" என்று கேட்டது. ரொம்ப நேரமாக முயற்சி செய்து, இதுதான் கடைசி தடவை என்று போட்டார்களாம். பதினைந்தாம் தேதி பெங்களூரில் வேலையில் சேர வேண்டும். இவர் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நான் உட்காரவில்லை. மஹாலட்சுமியின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"வேணும்னேதானடி போட்டே? எம் பொண்ணு பொழைக்கக் கூடாதுன்னுதானே?"

அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"போன் வர்றத்துக்குள்ள ஒரு வாட்டி பாத்துட்டு நிறுத்திடலாம்னுதான்கா போட்டோம். அப்டி ஒரு கம்பெனி நெஜமாவே இருக்குதான்னு பாக்க. டுபாக்கூர் கம்பெனியா இருக்கணும்னு காமாட்சிய வேண்டிக்கினேன். பொய் சொல்லல. கட்டடம் படம் ஒண்ணு மேலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சி. வந்துக்கினே இருக்குது, முடியவே மாட்டேங்குது. முழுக்கக் கண்ணாடி. அதுக்குள்ள நம்ம பெரியநாயகி ஒக்காரப் போறாளான்னு பாத்துக்கினே இருந்துட்டேன். போன மறந்தே பூட்டேன். எனக்கு வயிறு எரிஞ்சி பூட்சிக்கா."

திட்டுவதற்கு என்னிடம் ஒரு மூட்டை இருந்தது. டெலிபோன், பிரிட்ஜ், ஏ.சி., சுண்டல், எலி என்று வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்தது. அதை அவிழ்க்காமல் அவள் கையை விட்டேன்.

உள்ளே பார்த்தேன். தேவேந்திரன் எழுந்து நிற்க, என் வீட்டுக்காரர் எப்போது போனாரோ, அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மவுஸ் அவர் கையில் இருந்தது. பாதியில் நின்றுபோன கண்ணாடிக் கட்டடத்தைப் பார்த்து, "மோடம் ஸ்பீடு பத்தாது. அம்பத்தாறு வாங்குன்னு அப்பவே சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தேவேந்திரன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் மஹாலட்சுமி பக்கம் திரும்பினேன். அவள் கண் கலங்கியிருந்தது.

"இன்னொரு வாட்டி சொல்லுடி" என்றேன்.

"எதக்கா?"

"அதான், வயிறு எரிஞ்சிதுன்னியே. அத."